மழுங்கிய புள்ளிகள்

பிரிக்பீல்ட்ஸ்
4 மார்ச் 2024

டொரத்தி,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் சண்டை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. எந்தக் காகிதத்தில் அடித்தாய்? டிஷ்யூவிலா? புள்ளிகள் எழும்பவே இல்லை. முதல் வரியில் என் பெயரைக் கண்டுபிடிக்கவே ஒரு கிளாஸ் தே தாரிக் ஆறிப்போகும் நேரம் ஆயிற்று. நடுப் பக்கம் முழுவதும் ஈரச்சுவரைத் தடவுவது போலத்தான் இருந்தது. உன் மகன் ரயன் பெயர் ஒரு இடத்தில் வருகிறது. பின்னறை என்று வருகிறது. கடைசியில் ஏதோ கேட்டிருக்கிறாய். என்ன கேட்டாய் என்று தெரியவில்லை.

பெரிய பேங்கில் போன் ஆபரேட்டராக இருந்தவள் நீ. நம் ஹாஸ்டலில் பிரெய்ல் மெஷினில் உன்னைப் போல அடிக்க ஆள் கிடையாது. கிள்ளான் போய், மகன் வீட்டில் மேடமாக உட்கார்ந்ததும் கைக்குச் சோம்பல் வந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் கிளாரன்ஸ் போன பிறகு பிள்ளை வீட்டுக்குப் போகாதே, பிரிக்பீல்ட்ஸிலேயே இரு என்று அன்றைக்கே சொன்னேன். நீதான் போனைப் பட்டென்று வைத்தாய். சரி, அந்தப் பழைய கதை வேண்டாம்.

போனிலேயே பேசலாமே என்பாய். இந்த மசாஜ் கடையில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே துணித் திரைதான் சுவர். நான் தும்மினால் நாலாவது கட்டிலில் படுத்திருக்கும் கஸ்டமர் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார். வீட்டிலோ பக்கத்து அறைக்காரிக்குக் காது நீளம். பிரெய்ல் கடிதத்தை மேசையில் விரித்துப் போட்டாலும் கண்ணுள்ளவர்களுக்கு அது வெறும் கொப்புளம். நமக்கென்று உலகத்தில் இருக்கும் ஒரே ரகசியம் அதுதான். அதையும் நீ இப்படித் தேய்த்து அனுப்பினால் எப்படி?

இங்கே நடைபாதையில் நமக்காகப் பதித்த கோட்டுக் கற்களையும் யாரோ தேய்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. காலுக்குக் கோடு கிடைக்காமல் போன வாரம் ஒரு மோட்டார் சைக்கிள் மேல் போய் விழுந்தேன். இன்னொரு கூத்தும் கேள். புதன்கிழமை கடைக்குள் நுழைகிறேன், கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கண்ணில்லாத பையன் கன்னையா கேட்கிறான்: "அக்கா, ஒத்த செருப்பு சத்தம்தான் கேக்குது, இன்னொன்னு எங்க?" வழியில் எங்கேயோ கழன்று போயிருக்கிறது! எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து மனதுக்குள் ஏதோ பயம். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

தடித்த காகிதத்தில் மறுபடி எழுது.

அமுதவள்ளி


கிள்ளான்
15 மார்ச் 2024

வள்ளி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். சோம்பல் என்று என்னைச் சொல்லிவிட்டாயே. இது அதே மெஷின். கிளாரன்ஸ் எண்ணெய் போட்டு வைத்த மெஷின். காகிதம் பழைய சுவர்க் காலண்டர் தாள்தான், முப்பது வருடமாக நான் அடிப்பது அதில்தான். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியையும் அடித்த பிறகு திரும்பத் தடவிப் பார்த்திருக்கிறேன். புள்ளிகள் நன்றாக நிற்கின்றன. மருமகள் கேரனையும் கண்ணால் பார்க்கச் சொன்னேன். "நல்லாத்தானே இருக்கு அம்மா" என்றாள்.

உன் கடிதத்தில்தான் கோளாறு. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரியைக் குத்தியிருக்கிறாய். புள்ளி குத்தும் சட்டத்தைக் கீழே இறக்கி மாட்ட மறந்தாயா, அல்லது மாட்டியது நழுவியது உன் கைக்குத் தெரியவில்லையா? நீ அப்படிச் செய்கிறவள் இல்லை.

செருப்புக் கதைக்கு நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காலில் இருந்த செருப்பு கழன்று போவது ஒருத்திக்கு எப்படித் தெரியாமல் போகும்? தார் ரோடு சுடவில்லையா? கல் குத்தவில்லையா?

வள்ளி, கோபித்துக்கொள்ளாதே. இனிப்பு நீருக்கு, அந்தச் சர்க்கரைக்கு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கோட்டுக் கல் தேயவில்லை, என் புள்ளியும் தேயவில்லை, உன் விரல்தான் செத்துக்கொண்டு வருகிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

போன கடிதத்தில் நான் ஒன்று கேட்டேன். அதைத் திரும்பக் கேட்க மாட்டேன். ஒரு முறை கேட்கவே எனக்குப் பல நாள் ஆனது.

டொரத்தி


பிரிக்பீல்ட்ஸ்
27 மார்ச் 2024

டொரத்தி,

நீ அதை எழுதியிருக்கவே கூடாது.

உன் கடிதம் வந்தபோது கடையில் கூட்டம். தடவினேன். அதே ஈரச்சுவர். எனக்கு ஆத்திரம். அவள் வேண்டுமென்றே செய்கிறாள், இதை நிரூபிக்காமல் விடக் கூடாது என்று கன்னையாவைக் கூப்பிட்டேன். அவன் நேற்று வந்தவன், நம்மைப் போல ஹாஸ்டலில் அடி வாங்கிப் பிரெய்ல் கற்றவன் இல்லை, தட்டுத்தடுமாறிப் படிப்பான் என்று நினைத்தேன். "இந்தா, முதல் வரிய படி பாப்போம்" என்று கையில் கொடுத்தேன்.

அவன் விரலை வைத்தவுடன் ஓட ஆரம்பித்தான். "அக்கா, புள்ளி ஒவ்வொன்னும் ஜவ்வரிசி மாதிரி நிக்குது லா!" என்று சிரித்துக்கொண்டே, கடகடவென்று, சத்தமாக. காலண்டர் தாள், எண்ணெய் போட்ட மெஷின், செருப்பு, இனிப்பு நீர், எல்லாம் போய் கடைசியில் "உன் விரல்தான் செத்துக்கொண்டு வருகிறதோ" என்று படித்துவிட்டு அவனே நின்றான். திரைக்கு அந்தப் பக்கம் என் கஸ்டமர் குப்புறப் படுத்திருந்தார். இத்தனை நாள் என் கட்டை விரலை நம்பி முதுகைக் கொடுக்கிறவர்.

என் விரல் செத்த செய்தியை, ஊரார் கேட்க, கன்னையா வாயால்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கஸ்டமரை முடித்து அனுப்பினேன். எப்படி முடித்தேன் என்று கேள். தோளில் இறுகின இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. எல்லாமே மாவு. கிடைக்கவில்லையே என்று அழுத்தினேன். "ஆன்டி, வலிக்குது லா, மெதுவா!" என்று கத்தினார். டொரத்தி, அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த வருடம் பிறந்ததிலிருந்து எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். எல்லாருக்கும் உடம்பு மென்மையாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொரு விரலாகச் சோதித்தேன். சுவரில் ஸ்விட்ச், சீப்பின் பல், சட்டைப் பொத்தான். இருக்கிறது என்று தெரிகிறது. எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. இடது சுண்டு விரலில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

கண்ணில்லாதது எனக்கு ஒருநாளும் பயமாக இருந்ததில்லை. பிறந்ததிலிருந்து இல்லாத ஒன்றுக்கு யார் அழுவது? ஆனால் இது போய்விட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. கையை நீட்டினால் உலகம் இருக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் குத்தியபின் தடவிப் பார்க்கவும் முடியவில்லை. வரி மேல் வரி விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

வள்ளி


கிள்ளான்
3 ஏப்ரல் 2024

வள்ளி,

மன்னித்துவிடு. உனக்கு மட்டும் என்று நினைத்து எழுதியது அது.

இந்தக் கடிதத்தை நீ கன்னையாவிடம்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கன்னையா தம்பி, உன்னை எனக்குத் தெரியாது, ஆனால் நன்றாகப் படிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். இதைக் கடை சாத்தியபின் கதவை மூடிவிட்டுப் படி. வள்ளி நடுவில் நிறுத்தச் சொல்வாள், திட்டுவாள். நிறுத்தாதே.

கேரன் நர்ஸ் என்பது உனக்குத் தெரியும். சுபாங் ஜெயாவில் இனிப்பு நீர்க்காரர்களின் காலைப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து, என் விரல் நுனியை அமுக்கி அமுக்கிச் சொன்னாள்.

"அம்மா, நரம்பு சும்மா கயிறு மாதிரி வந்து முடிஞ்சிடாது. நுனியில ஒவ்வொன்னுக்கும் ஒரு சின்ன உறுப்பு இருக்கு. ஒன்னு குட்டித் தட்டு மாதிரி, அதுதான் ஓரம், முனை எல்லாம் சொல்லும். நீங்க பிரெய்ல் படிக்கிறது முக்கியமா அதுலதான். ஒன்னு வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா, அது அதிர்வ சொல்லும். வழுக்குனா சொல்றதுக்கு வேற ஒன்னு. வலிக்கும் சூட்டுக்கும் மட்டும் உறையே இல்ல, நரம்பு நுனி வெறுமனே நிக்கும்."

இனிப்பு நீர் பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால், அந்த நுனிகள் பட்டுப்போய்க்கொண்டே வருமாம். நான் கேட்டேன், விரலிலா முதலில் வரும் என்று. "இல்லம்மா. நீளமான நரம்புக்குத்தான் முதல்ல. அது கால். கைக்கு வந்துருச்சுன்னா கால்ல எப்பவோ போயிருக்கும்" என்றாள். பிறகு, "யாரும்மா அது, வள்ளி ஆன்டியா?" என்று கேட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதற்காக நீ என்னைத் திட்டு, பரவாயில்லை.

உன் காலை யாராவது பார்க்க வேண்டும். கண்ணுள்ள யாராவது. நீயே கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதாதே. உன் கை இப்போது பொய் சொல்லும்.

கன்னையா தம்பி, இந்த இடத்தை இரண்டு முறை படி.

டொரத்தி


பிரிக்பீல்ட்ஸ்
19 ஏப்ரல் 2024

டொரத்தி,

நீ சொன்னபடி கன்னையா இரண்டு முறை படித்தான். மூன்றாவது முறையும் படித்தான், அது அவன் சொந்த யோசனை.

மறுநாள் காலை, எதிரில் தண்ணீர்க் கடை வைத்திருக்கும் இராஜம்மாவைக் கூப்பிட்டேன். தினமும் எனக்குப் பால் விடாத தே ஓ கொடுத்தனுப்புகிறவள். "காலைக் கொஞ்சம் பாரும்மா" என்றேன். அவள் உட்கார்ந்து என் வலது காலைத் தூக்கினாள். பிறகு செருப்பை எடுத்தாள். "அக்கா," என்றாள், "செருப்புக்குள்ள ஆணி நிக்குதுக்கா."

அடியிலிருந்து ஏறி, செருப்பைத் துளைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் நடக்க நடக்க அது என் காலுக்குள் போய்ப் போய் வந்திருக்கிறது.

டொரத்தி, அந்த ஆணியின் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். கடைத் தரையில் ஓடு. நான் நடந்தால் டக், டக் என்று வரும். நாள்கணக்காக வந்தது. கன்னையாகூட, "என்ன அக்கா, புதுச் செருப்பா? ஹீல்ஸ் வச்சதா?" என்று கிண்டல் பண்ணினான். நானும் "ஆமாடா, கல்யாணத்துக்குப் போறேன்" என்றேன். என் காலில் ஆணி ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் சிரித்திருக்கிறேன். அறையில் ஏதோ நாற்றம் என்று பக்கத்து அறைக்காரி சொன்னபோது, செத்த எலி என்று அலமாரியை எல்லாம் நகர்த்தித் தேடினேன்.

இராஜம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு நர்ஸ் மிஸ்ஸி மெல்லிய நைலான் நூலால் காலைத் தொட்டுச் சோதிக்க வந்தாள். "கண்ண மூடுங்க ஆன்டி" என்றாள். பழக்கத்தில் சொல்லிவிட்டாள். நான் மூடினேன். "தொடும்போது சொல்லுங்க" என்றாள். நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்து, "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க மிஸ்ஸி?" என்று கேட்டேன். அவள், "முடிஞ்சிருச்சு ஆன்டி" என்றாள்.

டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார். பெருவிரலுக்குக் கீழே எலும்பு வரை போயிருக்கலாமாம். விரல் போகலாம், தாமதித்தால் காலே போகலாம் என்றார். கையைப் பற்றியும் கேட்டேன். போன நுனிகள் திரும்புவது கஷ்டம், சர்க்கரையை இறக்கினால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். இராஜம்மா திட்டிவிட்டுப் போனாள். தினமும் கடைக்கு வந்து கட்டு மாற்றுகிறாள்.

போகமாட்டேன் என்று பிடிவாதம் இல்லை. பயம். அங்கே என்னைப் படுக்க வைப்பார்கள். எது கட்டில், எது தண்ணீர், எது பெல் என்று என் கை சொல்லாது. மயக்க மருந்து கொடுத்து விழித்தபின், என்ன எடுத்தார்கள் என்று தடவிப் பார்த்தால்கூட எனக்குத் தெரியாது. விரலை எடுத்தார்களா, காலை எடுத்தார்களா என்று யாராவது சொல்லித்தான் நம்ப வேண்டும். அப்படி ஒரு விழிப்பு எனக்கு வேண்டாம், டொரத்தி.

வள்ளி


22 ஏப்ரல் 2024

வள்ளி,

இந்தக் கடிதத்தை ரயன் கன்னையாவின் கையில் கொடுப்பான். கன்னையா இதைப் படிக்கும் நேரத்தில் நான் உன் கடை வாசலில், ரயனின் காரில், பின் சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

உள்ளே வரமாட்டேன். வந்தால் நீ பேசியே என்னைக் கிள்ளானுக்குத் திருப்பி அனுப்பிவிடுவாய். எனக்கு உன்னிடம் வாயாடி ஜெயித்துப் பழக்கமில்லை. கடிதத்தோடு உன்னால் சண்டை போட முடியாது, அதனால் இது.

நீ மயக்கத்திலிருந்து விழிக்கும்போது என் கை உன் காலின் மேல் இருக்கும். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று என் விரல் தடவிச் சொல்லும். என் விரல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதை நீ நம்பலாம். டாக்டர் சொல்வதற்கு முன் நான் சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கும் பயம்தான். இதை மெஷினை மடியில் வைத்துக் காரிலேயே அடிக்கிறேன். வரும் வழி முழுக்க ஜெபித்துக்கொண்டே வந்தேன், பாதி மறந்துவிட்டது. ரயன் நோ பார்க்கிங்கில் நிறுத்தியிருக்கிறான், சம்மன் வருமோ என்று புலம்பிக்கொண்டிருக்கிறான்.

கன்னையா தம்பி, அவள் பையை எடு. வள்ளி, எழுந்திரு.

டொரத்தி


பிரிக்பீல்ட்ஸ்
12 ஜூன் 2024

டொரத்தி,

அறைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கட்டு காய்ந்துவிட்டது என்று இராஜம்மா சொல்கிறாள். பெருவிரலும் அடுத்ததும் இல்லை என்று நான் மயக்கம் தெளிந்தபோது நீ என் காதில் சொன்னாயே, "மூணு இருக்கு வள்ளி, பாதம் முழுசா இருக்கு, நான் புடிச்சிருக்கேன்" என்று. அதையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இருக்கும் மூன்றையும் தினமும் இராஜம்மாவிடம் காட்டுகிறேன். செருப்புப் போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டுகிறேன். சர்க்கரை இறங்குகிறது. பயம் இறங்கவில்லை. டக் என்று எங்கே சத்தம் கேட்டாலும் நின்றுவிடுகிறேன்.

கடையைக் கன்னையா பார்த்துக்கொள்கிறான். நான் போனை எடுத்து நேரம் குறித்துக் கொடுக்கிறேன். என் கஸ்டமர்கள் "ஆன்டி கை வேணும்" என்கிறார்கள். "ஆன்டி கை லீவுல இருக்கு" என்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் கடிதங்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுண்டு விரலும் கைவிட்டுவிட்டது. ஒரு புள்ளி கிடைக்கவில்லை. கோபத்தில், அழுகையில், கடிதத்தை முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டேன். அப்போது கீழ் உதட்டில் ஏதோ குத்தியது. நகர்த்தினேன். இன்னொன்று குத்தியது.

டொரத்தி, அது "வ".

நான் அசையவே இல்லை. அசைந்தால் போய்விடுமோ என்று பயம். மெதுவாக, மிக மெதுவாக, தாளை உதட்டின் மேல் இழுத்தேன். "வள்ளி" என்று இருந்தது. என் பெயர் இத்தனை கூராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீண்ட நரம்பின் நுனிதான் முதலில் போகும் என்று கேரன் சொன்னாள் அல்லவா? உதட்டுக்கு வரும் நரம்பு குட்டைதானே. அங்கே எல்லாம் இன்னும் விழித்திருக்கிறது போலும்.

ஒரு பக்கம் படிக்க ஒரு மத்தியானம் ஆனது. தாள் எச்சில் ஆகிவிட்டது. கன்னையா உள்ளே வந்து, "அக்கா, என்ன சத்தம், சாப்புடுறீங்களா?" என்று கேட்டான். போடா என்றேன்.

முதலில் படித்தது எதை என்று நினைக்கிறாய்? பிப்ரவரியில் நீ எழுதியதைத்தான். நான் மட்டம் என்று திட்டியதை. புள்ளி மட்டமே இல்லை டி. ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கிறது. முப்பது வருடமாக நிற்பது போலவே நிற்கிறது.

கடைசி வரிகளையும் படித்தேன். ரயனும் கேரனும் வேலைக்குப் போனபின் குளியலறையில் வழுக்கி விழுந்து, அவர்கள் வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தேன் என்று எழுதியிருந்தாய். யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். பிறகு: "பின்னறை காலியாக இருக்கிறது வள்ளி. நீ வந்து என்னோடு இருப்பாயா? பகலில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது."

இதைக் கேட்டுவிட்டு நீ பதிலுக்குக் காத்திருந்தாய். நான் உனக்குக் காகிதம் சரியில்லை என்று பதில் எழுதினேன். என்னைவிட முன்னால் பயந்தவள் நீ. என் பயத்துக்காகக் காரேறி வந்தாய். உன் பயத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வரேன் டி. இந்த மாதக் கடைசியில் வரேன். கன்னையா கொண்டுவந்து விடுவான். உன் காதும் விரலும், என் வாயும் இருந்தால் ஒரு ஆளாவது தேறும். நீ விழுந்தால் நான் கத்துவேன், தெரு முழுக்கக் கேட்கும். நான் எதையாவது மிதித்தால் நீ சொல்லு.

நான் வருவதற்குள் ஒன்று செய். கேரனிடம் அந்தப் பின்னறைத் தரையைப் பார்க்கச் சொல். மூலை முடுக்கு எல்லாம், நன்றாக, விளக்கைப் போட்டுக்கொண்டு.

வள்ளி